முருகனை நினைக்க உட்காரும்போது கால் மரத்துப்போகுதா?

ஓம் சரவணபவ!

நண்பர்களே, "சரவணபவ 108 தடவை சொல்லலாம்னு உட்கார்றேன். 30 தாண்டுறதுக்குள்ள கால் மரத்துப்போகுது. எனக்கு பக்தி பத்தலையோ?" இப்படிக் கேட்கிறவங்க நிறைய பேர். பக்தி குறைஞ்சா கால் மரக்காது. காலுக்குப் போற நரம்பு அழுந்தினாத்தான் மரக்கும்.

நானும் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி நாற்காலியிலேயே இருக்கிறவன்தான். நமக்கெல்லாம் இடுப்பு இறுகிக் கிடக்கு. வெறும் தரையில சம்மணம் போட்டா முட்டி மேல தூக்குது, முதுகு கூன் போடுது. அதனால இடுப்பு முட்டியை விடக் கொஞ்சம் உயரத்துல இருக்கணும். நான் வெச்சிருக்கிறது 4 அங்குல இலவம்பஞ்சுத் திண்டு. மெத்து மெத்துன்னு இருக்கிற ஃபோம் சீக்கிரம் அமுங்கிடும். திண்டு இல்லையா? போர்வையை இறுக்கமா மடிச்சுக்கோங்க. அதோட முன் விளிம்புல உட்காருங்க. முட்டிவலி இருந்தா நாற்காலியே போதும், பாதம் தரையில பதியட்டும்.

திருமூலர் சொல்ற அட்டாங்க யோகத்துல ஆசனம் மூணாவது, தியானம் ஏழாவது. உடம்பு அடங்கின பிறகுதான் மனசு அடங்கும்.

ஆனா ஒண்ணு. குஷனா பார்த்துப் பார்த்துத் தேடிக்கிட்டே இருந்தா சஷ்டியே போயிடும். பழனியில கோவணத்தோட நிக்கிறவன், நம்ம திண்டோட விலையைக் கேட்கப் போறதில்லை. உட்கார்ந்த இடம் மறந்துபோகணும், அதுதான் நல்ல ஆசனம்.

இன்னைக்கு ஆறெழுத்துக்கு 6 நிமிஷம் உட்காருங்க. மத்ததை அவன் பார்த்துப்பான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!