கசப்புக்கு யார் நடுவர்?

ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று டேவிட் ஹியூம் 1757இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் குவிக்ஸாட்' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துப் பார்த்துச் சொல்ல இருவரை அழைக்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு வாடை என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் கிடந்தது, தோல்வாரில் கட்டிய ஒரு பழைய சாவி.

ரசனையிலும் நுட்பம் என்று ஒன்று உண்டு, அது வெறும் சொந்த விருப்பமல்ல என்று காட்ட ஹியூமுக்கு இந்தக் கதை போதுமானதாக இருந்தது. எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. யார் சொன்னால் பீப்பாயை அடிவரை காலி செய்து பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியை ஒயினைவிட, ஹாப்ஸ் தூக்கலான அமெரிக்க கிராஃப்ட் பியரில் வைத்துப் பார்ப்பது எளிது. அங்கே சுவைப்பதற்கென்றே படிவம் இருக்கிறது. 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. துவர்ப்பு இதில் சுவைக்குள் வராது, வாயில் உணரும் தன்மையோடு சேர்ந்துவிடும். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்த நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். எது சுவை என்பதையே நாக்கில் படுவதற்கு முன்னால் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஹாப்ஸ் ஒரு கொடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பியருக்கு வேண்டிய மஞ்சள் பொடி பெண் கொடியின் பூங்கொத்தில்தான் சுரக்கிறது. விதை பிடித்தால் தரம் கெடும் என்று பெரும்பாலான தோட்டங்களில் ஆண் கொடிகளைப் பிடுங்கிவிடுகிறார்கள். (இதை வைத்துக் கவிதை எழுதும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.) கொதியின் தொடக்கத்திலேயே போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டாலோ, நொதித்த பிறகு ஊறவிட்டாலோ மணம் தங்கும். சிட்ரா என்ற வகை மாம்பழத்தையும் லிச்சியையும் நினைவூட்டும். சிம்கோவில் ஒருவருக்குப் பழவாசம், பக்கத்தில் இருப்பவருக்குப் பூனை மூத்திரம். அமெரிக்க ஐ.பி.ஏ. வகைக்கு 40 முதல் 70 கசப்பு அலகு என்று வழிகாட்டி சொல்கிறது. ஆனால் மால்ட்டின் இனிப்பு கூடினால் 60 அலகும் நாக்கில் சாதுவாகிவிடும். எண் நமக்காகச் சுவைத்துத் தராது.

குறை கண்டுபிடிப்பது இதில் சற்று எளிது. காற்றுப்பட்டுப் பழசான பியரில் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் எழும், பழுப்பு பாட்டில் அதற்காகத்தான். இவை பீப்பாய்க்குள் கிடக்கும் சாவிகள், ஆய்வகத்தில் எடுத்துக் காட்டலாம். 'அருமை' என்று சொல்வதற்கு அப்படி ஒரு சாவி கிடையாது. சொல்பவரின் கௌரவம் மட்டுமே சாட்சி.

பியரைப் பற்றி ஆண் எழுதினால் எது நல்ல பியர் என்று கேட்பார்கள். பெண் எழுதினால் அவள் குடிப்பாளா என்று கேட்பார்கள். கசப்பைத் தாங்குவது ஆண்மை என்றும், பெண்ணுக்குப் பழச்சுவையே போதும் என்றும் ஒரு பேச்சு இந்தத் தொழில் முழுக்கப் பரவியிருக்கிறது. கசப்பு யாருக்கும் பிறவியிலேயே பிடிப்பதில்லை. பழகப் பழகப் பிடிப்பது அது. பழகுவதற்கு மாலைநேரமும் கையில் காசும் உட்கார ஓர் இடமும் வேண்டும். நல்ல நடுவருக்குப் பயிற்சி வேண்டும் என்று ஹியூமே எழுதினார். அந்தப் பயிற்சிக்கு நேரம் யாருக்கு வாய்க்கிறது என்று அவர் கேட்கவில்லை.

வரலாறு இதைவிடக் கசப்பானது. ஹாப்ஸின் கசப்பு பானத்தைக் கெடாமல் காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியக் கன்னிமடத் தலைவி. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஹாப்ஸ் சேர்த்த பியர் கடல் கடந்து வந்தது. அது நாள்பட நின்றது, தூரம் போனது, பெரிய கொப்பரையும் முதலீடும் கேட்டது. முதல் இல்லாதவர்கள் விலக நேர்ந்ததை ஜூடித் பென்னட் 1996இல் வெளியான தன் நூலில் விளக்குகிறார். ஏல் விற்ற பெண்களின் தொப்பிதான் சூனியக்காரியின் தொப்பியானது என்று சுற்றும் கதைக்கு ஆதாரம் பலவீனம். அந்தக் கதை நமக்குத் தேவையும் இல்லை, முதலீட்டின் கதையே போதும்.

பெண்ணுக்கு மூக்கு கூர்மை என்று பாராட்டுபவர்களும் உண்டு. அந்தப் பாராட்டில் எனக்குச் சந்தேகம். கொதிக்கும் ரசத்தின் வாசனையிலேயே உப்பு குறைவதைச் சொல்லிவிடுகிறவளின் திறமைக்குத் தமிழில் 'கைப்பக்குவம்' என்று பெயர். அறிவைக் கையில் வைத்துவிட்டோம். மூக்கில் வைப்பதும் அதே வேலைதான். படித்தும் ஒப்பிட்டும் பிழைதிருத்தியும் வந்த ஒன்றை உடம்பின் கொடையாக்கிவிட்டால் அவளோடு வாதிட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

2021 மே மாதம் மாசசூசெட்ஸில் பியர் தயாரிப்பில் இருந்த பிரியென் ஆலன், இந்தத் தொழிலில் பெண்ணாக இருப்பதால் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று இன்ஸ்டாகிராமில் கேட்டார். பதில்கள் குவிந்தன. 'உனக்கு பியர் தெரியுமா' என்ற ஏளனமும் பாலியல் அத்துமீறலும் ஒரே வரிசையில் வந்து நின்றன.

போட்டி மேசைக்கு வருவோம். கோப்பைகளில் பெயர் இல்லை, எண் மட்டும். நடுவர்கள் முதலில் பேசாமல் எழுத வேண்டும், பிறகு பேசி ஒரு மதிப்பெண்ணுக்கு வர வேண்டும். அந்த மௌனம் எனக்கு மிகவும் பிடித்த விதி. உரத்த குரல் எழுவதற்கு முன்பே அவளுடைய எண் தாளில் ஏறிவிடுகிறது. சிக்கல் பேச்சில் தொடங்குகிறது. இருவர் 36 போட்டிருக்கிறார்கள், ஒருத்தி 27 என்று வைத்துக்கொள்வோம். ஈர அட்டை வாடை என்கிறாள். அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் 34க்கு ஏறிவிட்டால் மேசை நிம்மதியாகும். விட்டுக்கொடு என்று நாம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இதைத்தான். தன் நாக்கு உணர்ந்ததை மாற்றி எழுதுவது பணிவா, பொய்யா?

அவள் சொல்வது தவறாகவும் இருக்கலாம். பாட்டில் பழுதாகத் தோன்றினால், அதே பியரின் இரண்டாவது பாட்டிலைக் கேட்கப் போட்டிகளில் வழி உண்டு. அவள் கையைத் தூக்க வேண்டும். மற்ற இருவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது திறக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும்.