யார் செய்த பாவம்?

எந்த நாளில் பயணம் புறப்படுவது, எந்த வேளையில் புதுவீடு புகுவது, மங்கல நிகழ்ச்சியில் யாரை முன்னே நிறுத்துவது, யாரைப் பின்னே ஒதுக்குவது என்பனவற்றையெல்லாம் அறிவைக் கொண்டே முடிவு செய்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பெரும்பாலும் முடிவு செய்வது நம்பிக்கையே. அந்த நம்பிக்கை சில வேளைகளில் மனிதரை நிமிரச் செய்கிறது; சில வேளைகளில் குனிய வைக்கிறது. குனிய வைக்கப்படுவோர் ஏன் பெரும்பாலும் பெண்களாகவே இருக்கின்றனர் என்பது நாம் அமைதியாக எண்ணிப்பார்க்க வேண்டிய கேள்வி.

நம் முன்னோர் ‘விசுவாசம்’ என்றனர். 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்த பின் ‘நம்பிக்கை’ என்னும் சொல்லே நம் வழிபாட்டில் வழக்காகிவிட்டது. நல்ல தமிழ்ச்சொல்தான். ஆயினும் மூடநம்பிக்கை என்பதும் அதே சொல்லிலிருந்து பிறந்தது என்பதால், இரண்டையும் பிரித்தறியும் கடமை நமக்குக் கூடியிருக்கிறது.

உடன்குடியிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் குலசேகரன்பட்டினம். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் மணப்பாடு. முன்னதில் முத்தாரம்மன் கோயிலின் தசராத் திருவிழா. பின்னதில் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். சுற்றுப்புற ஊர்களில் பள்ளிவாசல்கள். உள்நாட்டுப் பக்கம் செம்மணல் தேரியும் பனங்காடும். இவ்வட்டார மக்களின் பிழைப்பு நெடுங்காலமாகக் கடலையும் பனையையும் சார்ந்திருந்தது. இரண்டுமே உயிரைப் பணயமாகக் கேட்கும் தொழில்கள். பனையேறுபவர் மரத்தின் உச்சியில் இருக்கும்போது அவர் மனைவி விடிலியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை அவர் வீட்டார் கரையை நோக்கிக் கொண்டிருப்பர். திரும்பி வருவது உறுதியில்லாத இடத்தில் மனிதர் எதையாவது பற்றிக்கொள்ளவே செய்வர்.

பசிபிக் பெருங்கடலின் டிரோப்ரியாண்டு தீவுகளில் முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கி ஆய்வு செய்த மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலாளர் ஒன்றைக் கவனித்தார். தீவை அடுத்த அமைதியான நீரில் மீன்பிடிக்கும்போது அம்மக்கள் மந்திரம் எதையும் நாடவில்லை. அலைமிகுந்த திறந்த கடலுக்குச் செல்லும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தனர். ஆபத்தும் நிச்சயமின்மையும் மிகுந்த இடத்தில்தான் சடங்கு பிறக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

நம் கடற்கரையின் வரலாறும் இதற்குச் சான்று கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போரைச் சுறாக்கள் தீண்டாதவாறு மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்றும் எழுதினார். இரவில் எவரும் திருட்டுத்தனமாக முத்துக்குளிக்காதபடி மாலையில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1859-இல் வெளியான தம் நூலில் இலங்கைக் கரையின் முத்துக்குளிப்பை விவரித்த எமர்சன் டெனன்ட், ‘கடல்கட்டி’ என அழைக்கப்பட்ட அம்மந்திரக்காரரைக் குறிப்பிடுகிறார். அவருடைய சடங்கு முடியாமல் முத்துக்குளிப்பு தொடங்குவதில்லை. பரம்பரையாக வந்த அத்தொழிலின் அக்காலத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்பதுதான் வியப்பு.

இக்கரையின் பரதவ மக்கள் 1535-37 ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் வந்தார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் மன்னார் வளைகுடாவில் செபமாலையும் மந்திரக்கட்டும் அருகருகே நிலவின. இதற்காக அம்மக்களை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்கிய மனிதருக்கு அச்சடங்கு துணிவைக் கொடுத்தது. அதன் விலை சில சிப்பிகள் மட்டுமே. தூத்துக்குடிக் கடலில் 1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு அத்தொழில் நின்றது. கடல்கட்டியின் தேவையும் அதனோடு மறைந்தது.

ஆனால் வேறொரு ‘கட்டு’ மறையவில்லை. அதன் விலை சிப்பியன்று.

கடலுக்குச் சென்ற ஆண்மகனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் அடங்கியிருக்கிறது என்னும் நம்பிக்கை தென்னகக் கடற்கரைகளில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய ‘செம்மீன்’ புதினம் இந்நம்பிக்கையின்மீதே எழுப்பப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்க முக்குவர் ஊர்களை ஆராய்ந்து 1991-இல் நூல் வெளியிட்ட கல்பனா ராம் என்னும் மானிடவியலாளர், கடலும் கடல்சார்ந்த வெளியும் ஆண்களுக்கே உரியனவாய் வகுக்கப்பட்டிருப்பதையும், அதே வேளையில் விற்பனை, கடன், குடும்பச் செலவு ஆகிய சுமைகளைப் பெண்களே தாங்குவதையும் எடுத்துக்காட்டினார்.

மேலோட்டமாக நோக்கினால் அந்நம்பிக்கை பெண்ணுக்குப் பெருமை தருவதுபோலத் தோன்றும். அவளுடைய கற்பு கடலையே அடக்குகிறது என்கிறதே! ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் நோக்க வேண்டும். கணவன் பத்திரமாகத் திரும்பினால் அது அவனுடைய திறமை, கடவுளின் அருள். திரும்பாவிட்டால்? அப்போது கேள்வி அவளை நோக்கித் திரும்புகிறது. அவள் என்ன செய்தாள்? அவளுடைய ராசி என்ன? அவள் கால் வைத்த வேளை என்ன? கணவனை இழந்த துயரோடு, அவனை இழக்கக் காரணமானவள் என்னும் பழியும் அவள் தலையில் ஏறுகிறது. பின்னர் அவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை. மணமேடையில் நின்றால் மங்கலம் குறைந்துவிடும்.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் தென்கடலைத் தாக்கியது. குமரி மாவட்டக் கடற்கரையில் நம் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் பல, ஒரே நாளில் தந்தையரையும் கணவரையும் மைந்தரையும் இழந்தன. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த படகுகளுக்குப் புயலின் செய்தி சென்று சேரவில்லை. தொலைவிலிருந்த படகுகளுக்குச் செய்தி சொல்ல ஏற்ற கருவிகளும் இல்லை. காரணம் இவ்வளவு வெளிப்படையானது. இக்காரணத்தைப் பேசினால் கருவி வாங்கவேண்டும், மீட்புப்பணியைச் சீர்செய்யவேண்டும், பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்கவேண்டும். மனைவியின் ராசியைப் பேசினால் எதுவுமே செய்யவேண்டியதில்லை. மூடநம்பிக்கையின் உண்மையான தீமை இங்கேதான் இருக்கிறது. அது பொறுப்புள்ளவரை விட்டுவிட்டு, எதிர்த்துப் பேச இயலாதவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது.

இயேசு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம், இவருடையதா, இவர் பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டனர் (யோவான் 9). இருவரும் இல்லை என்று அவர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் அம்மனிதருக்குப் பார்வை அளித்தார். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப்பேர் மாண்டபோதும், மாண்டவர்கள் மற்றவரைவிடக் கொடிய பாவிகள் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. கேட்டவர்களையே மனம் மாறும்படி அழைத்தார் (லூக்கா 13). துன்பத்திற்கு ஆளானவரைக் கூண்டில் ஏற்றும் வழக்கத்தை அவர் இவ்வாறு முறித்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணின் நிகழ்ச்சி (மாற்கு 5) இதனினும் ஆழமானது. லேவியர் நூலின் சட்டப்படி அவள் தீட்டுள்ளவள். அவளைத் தொடுவோருக்கும் தீட்டு. ஆகையால் அவள் கூட்டத்தில் மறைந்து வந்து தொட்டாள். நலம் பெற்ற பின் அவளை அவ்வாறே மறைந்து செல்ல இயேசு விட்டிருக்கலாம். ஆனால் அனைவர் முன்னிலையிலும் அவளைப் பேசவைத்தார். மகளே என அழைத்தார். அவளைக் குணமாக்கியது அவளுடைய நம்பிக்கையே என்று எடுத்துரைத்தார். தீட்டு அவளிடமிருந்து அவருக்குச் செல்லவில்லை. நலமே அவரிடமிருந்து அவளுக்குச் சென்றது.

திருச்சபை இதனை எப்போதும் சரிவர உணர்ந்து நடந்ததா? நம் இல்லத்தையும் நாம் நேர்மையுடன் நோக்கவேண்டும். 601-ஆம் ஆண்டளவில் கேன்டர்பரி அகுஸ்தீனார் எழுப்பிய ஐயத்திற்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் விடையளித்ததை, பீட் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் ஆலயத்தில் நுழைவதையும் நற்கருணை பெறுவதையும் தடுக்கலாகாது என்பதே அவ்விடை. அதற்கு அவர் காட்டிய சான்று, மேலே நாம் கண்ட அதே பெண். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும், அந்நாள்களில் பீடத்தை அலங்கரிக்கவும் நற்கருணைக்கு முன்வரவும் தயங்கும் பெண்கள் நம்மிடையே இருக்கின்றனர். திருச்சபைச் சட்டம் எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. தடுப்பது வீட்டில் ஊட்டப்பட்ட அச்சம்.

பால் வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு கடவுளின் திட்டத்திற்கு மாறானது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் அறிவித்தது. 2008-இல் ஜாம்ஷெட்பூரில் கூடிய இந்திய ஆயர் பேரவை, பெண்களின் மேம்பாட்டையே தன் மையப்பொருளாகக் கொண்டது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பெரிய வியாழனன்று பெண்களின் பாதங்களையும் கழுவ வழிவகுத்தார். அவ்வாண்டே மகதலா மரியாவின் நினைவுநாள் திருத்தூதர்களுக்குரிய விழா நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2021-இல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டன. ஏடுகள் வழி காட்டுகின்றன. அவ்வழியே நடக்கவேண்டியவை நம் குடும்பங்கள்.

கல்வியும் அறிவியலும் வளர்ந்தால் இவையெல்லாம் தாமே மறைந்துவிடும் என்பர் சிலர். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று விண்கல ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கருவிலுள்ள குழந்தையின் நலனைக் காண வந்த ஸ்கேன் கருவி, அது பெண்ணா எனக் கண்டு அழிப்பதற்கும் பயன்பட்டதால்தான் 1994-இல் நாடு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. பிறந்த பெண்சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர். கருவி புதிதாயினும், அதை ஏந்திய மனம் பழையதாகவே இருந்தது. மகள் சுமை, மகனே பேறு என்னும் நம்பிக்கையை எந்தக் கருவியும் தானாக மாற்றிவிடாது.

மனம் மாறினால் எது நிகழும் என்பதற்கும் நம் மண்ணில் சான்றுகள் உண்டு. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாகாது என்னும் கொடுமையை, கடவுள் வகுத்த ஒழுங்கு எனப் பலர் நம்பினர். சீர்திருத்தக் கிறித்தவ சபையில் சேர்ந்த பெண்கள், கடவுள் தமக்கும் மாண்பளித்தார் என்று நம்பி 1822 முதல் மேலாடை அணிந்தனர். அதற்காக அடியும் அவமானமும் ஏற்றனர். 1859-இல் அரசு இறங்கிவந்து ஆணை பிறப்பித்தது. ஒரு நம்பிக்கை பூட்டிய விலங்கை வேறொரு நம்பிக்கை உடைத்தது. நம் வளைகுடாவின் வடபகுதியில், பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி சேகரிக்கின்றனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015-இல் பன்னாட்டு அளவிலான சீக்காலஜி பரிசைப் பெற்றார். பெண் கால் வைத்தால் கடல் சினக்கும் என்போர் அப்பெண்களைக் கண்டு வரட்டும்.

அவ்வாறாயின், இறைநம்பிக்கையையும் மூடநம்பிக்கையையும் எவ்வாறு பிரித்தறிவது? சடங்கு இருக்கிறதா இல்லையா என்பது அளவுகோலாகாது; நாமும் மெழுகுதிரி ஏற்றுகிறோம், தேர் இழுக்கிறோம், புனித நீர் தெளிக்கிறோம். இந்நம்பிக்கை என்னிடம் எதைக் கேட்கிறது, பிறரிடம் எதைப் பறிக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். இறைநம்பிக்கை என் நேரத்தை, என் பொருளை, என் மனமாற்றத்தைக் கேட்கும். மூடநம்பிக்கை என்னிடம் எதையும் கேட்காமல், அடுத்தவரின் இடத்தையும் மதிப்பையும் பறித்து எனக்கு ஆறுதல் தரும். மூடநம்பிக்கை என்பது சமய உணர்வின் திரிபு எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) போதிக்கிறது. வெளிச்சடங்கு செய்தாலே பயன் கிட்டும் எனக் கருதி உள்ளத்தை மாற்றாமல் விடுவது, நம் செபத்தையே மூடநம்பிக்கையாக்கிவிடும் என்றும் அது எச்சரிக்கிறது.

இதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. அடுத்து நம் வீட்டில் நிகழும் திருமணத்தில், கணவரை இழந்த தாய் பின்வரிசைத் தூணோரம் நிற்க நேரலாம். பெற்று, வளர்த்து, தனியாளாய்ப் பாடுபட்டு ஆளாக்கியவர் அவர். மகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கூற அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அவரை நாமே சென்று கைப்பற்றி அழைத்துவருவோம். முதலில் அவர் ஆசி கூறட்டும். மற்றவர்கள் பின்னர்க் கூறலாம்.