துருவுக்கு மேல பூசின வெள்ளி



நண்பர்களே, ஒரு தப்பை மறைக்கிறதும் திருத்துறதும் ஒண்ணா? வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் பளபளன்னுதான் இருக்கும். வித்தியாசத்தை எனக்குக் காட்டினது அப்பாவோட பழைய கார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-லிருந்து நம்ம மெட்ராஸிலேயே தயாரான மாடல். பெசன்ட் நகர் உப்புக்காத்துல அதோட ஹெட்லைட் வளையம் முழுக்கப் புள்ளிப் புள்ளியா துரு. அப்பாவால இப்ப ஓட்ட முடியல, வித்துடலாம்னு முடிவு பண்ணோம். முலாம் போட்டா செலவு ஆகும்னு நான் எமரி பேப்பரால லேசா தேய்ச்சு, குரோம் மாதிரித் தெரியுற ஸ்ப்ரேயை அடிச்சுட்டேன்.

பார்க்க வந்தவர், "வளையம் அப்படியே புதுசு மாதிரி இருக்கே!" என்றார். நான் சிரிச்சேன், வாயைத் திறக்கல. அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார். 'நான் பொய் ஒண்ணும் சொல்லலையே' என்று மனசு சமாதானம் சொன்னது.

அன்று மாலை இங்கே கடலோரம் இருக்கும் அறுபடை வீடு கோயிலுக்குப் போனேன். திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் நின்னப்போ சூரசம்ஹாரம் ஞாபகம் வந்தது. மாமரமா நின்ன சூரனை முருகன் மூடி மறைக்கல, தூக்கியும் எறியல. வேலால் பிளந்தார். அப்புறம்தான் மயிலும் சேவலும் வந்தது.

முலாம் வேலையும் அப்படித்தான். முதல்ல பழைய குரோமையும் நிக்கலையும் உரிப்பாங்க. துரு தின்ன குழியைச் சமமாக்கி, பஃப் பண்ணுவாங்க. அதுக்கு மேலதான் நிக்கல், கடைசியா குரோம். அந்தக் குரோம் படலம் பொதுவா ஒரு மைக்ரான் கூட இருக்காது. நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான்! அவ்வளவு மெல்லிசானது எந்தக் குழியை மூடும்? அடியில இருக்கிறதைத்தான் பளிச்சுன்னு காட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு போன் பண்ணேன். "சார், அந்த வளையத்துல துரு இருக்கு. மேல ஸ்ப்ரே அடிச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வேற எதையாவது மறைச்சிருக்கீங்களா தம்பி?" என்றார்.

இல்லைன்னேன். அது உண்மைதான். ஆனா அவர் அதை நம்பணும்னு எதிர்பார்க்கிற உரிமையை நானே இழந்திருந்தேன். மறுநாள் மெக்கானிக்கோட வந்து, வண்டி முழுக்கப் பார்த்துட்டு, விலையில பத்தாயிரம் குறைச்சு எடுத்துட்டுப் போனார்.

தினமும் நெற்றி நிறைய விபூதி பூசறோம். அது உள்ளே இருக்கிற துருவை மூடறதுக்கா, இல்ல, உரிச்சுப் பார்க்கிற தைரியம் கேட்டா? இன்னைக்கு ஒரு நிமிஷம் கண்ணாடி முன்னாடி நின்னு யோசிங்க.

வேலும் மயிலும் துணை.