இருளில் எட்டும் குரல்



கனடாவின் கிழக்கு முனையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பார்த்தபடி கிடக்கிறது நியூபவுண்ட்லாந்துத் தீவு. அதன் தென்கிழக்குக் கரையில் கப்பஹேடன் என்றொரு சிற்றூர் உண்டு. வானொலிப் பிரியர்கள் சிலர் வீட்டுச் சுகங்களை விட்டு அங்கே போய்த் தங்குவதுண்டு. மீன் பிடிக்க அல்ல. ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் இருந்து மத்திய அலையில் வரும் மெல்லிய குரல்களைப் பிடிக்க!

வீட்டில் வானொலிப் பெட்டி இல்லையா? உண்டு. ஆனால் மின்கம்பிகளும் மின்சாரப் பொருட்களும் எழுப்பும் இரைச்சல் அக்குரலை விழுங்கிவிடுகிறது. ஆளரவமற்ற கரையில் இரைச்சல் குறைவு. உப்புநீரின் மேலாக வரும் அலை, தரைமேல் வருவதுபோல விரைவில் தேய்வதுமில்லை. நூற்றுக்கணக்கான மீற்றர் நீளக் கம்பியை, கேட்க வேண்டிய திசை நோக்கித் தாழ இழுத்துக் கட்டிவிட்டு இரவுக்காகக் காத்திருப்பார்கள். பகலிலே வான்வெளியின் ஓர் அடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். பொழுது சாய அது மறைந்துபோக, அதற்கு மேலுள்ள அடுக்கு அவற்றைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும்.

அப்படி வரும் குரலும் நிலைக்காது. எழும், தேயும், மறையும். மறைந்த வேளையில் எழுந்து போனவன், அது எந்த நிலையம் என்பதை அறியவே மாட்டான்.

நமது செபத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் பேசவில்லையே என்று முறையிடுகிறோம். ஓரேபு மலையிலே எலியா அவரைக் கண்டுகொண்டது பெருங்காற்றிலும் அல்ல, நிலநடுக்கத்திலும் அல்ல, நெருப்பிலும் அல்ல. அவற்றின் பின் வந்த மெல்லிய ஒலியிலேதான். நம் இல்லங்களில் அந்த ஒலிக்கு இடமுண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே தீவின் சிக்னல் குன்றிலே, 1901 டிசம்பர் 12ஆம் நாள், பட்டத்தில் உயர்த்திய கம்பியின் துணையோடு, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளி ஒலியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். சாதனப் பதிவு எதுவுமில்லை, காதுதான் சாட்சி. கேட்டாரா, கேட்க விரும்பியதைக் கேட்டதாக எண்ணினாரா என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. 1902 பெப்ரவரியில் அவர் கப்பலேறி, நாடாவிலே பதிந்து, சாட்சிகளோடு மீண்டும் சோதித்தார். அலைகள் பகலைவிட இரவில் இருமடங்குக்கு மேலான தூரம் எட்டுவதை அப்பயணத்தில்தான் கண்டார்.

பெற்றோரே, பிள்ளையின் அழைத்தலையும் கலியாணத்தையும் நம் விருப்பப்படி முடிவுசெய்துவிட்டு, 'இது கடவுளின் சித்தம்' என்று சொன்னதில்லையா? கேட்டது வேறு, கேட்க விரும்பியது வேறு. நற்செய்தியோடு ஒப்பிட்டு, குருவானவரிடமும் விசாரித்து, பொறுமையோடு சோதியுங்கள்.

நோயிலும் இழப்பிலும் இருப்பவர்களே, உங்கள் இரவைக் கண்டு அஞ்சாதீர்கள். பகலில் எட்டாத குரல் இருளிலே எட்டும்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் குடும்பமாக மௌனமாயிருங்கள். பிறகு, மூலையில் மெல்லப் பேசிக்கொண்டிருக்கும் ஆச்சியின் அருகே போய் உட்காருங்கள். ஆண்டவர் அவர் வாயிலாகவும் பேசக்கூடும்.