கடலோடியின் சகுனமும் நம் கடைப் போணியும்

ஜெலுத்தோங் கடலோரத்தில் சுபுஹு தொழுகை முடிந்து சற்று உலாவி வருபவர்களுக்கு இன்றும் சில மீன்பிடிப் படகுகள் கண்ணில் படும். முன்னாளில் வீடுகளுக்குச் சமீபம் வரை வந்து அலையடித்த கடல், மண் கொட்டி மேடாக்கி நெடுஞ்சாலை போட்ட பிறகு தள்ளிப் போய்விட்டது. 2010-ம் ஆண்டில் துன் டாக்டர் லிம் சொங் இயூ அவர்களின் பெயர் சூட்டப்பட்ட அந்தச் சாலையில் வாகனங்கள் பறக்கின்றன; அதற்கு அப்பால் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் முன்மூக்கில் புதிதாய்ச் சிவப்புத் துணி கட்டியிருக்கக் கண்ட நம் வாடிக்கைக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "என்ன காக்கா, துணியா படகைக் கரை சேர்க்கும்?" என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் நம் கண் கடை வாசற்படியில் விழுந்தது. அங்கே தகப்பனார் காலத்தில் ஆணி வைத்து அடித்த குதிரை லாடம் ஒன்று பளபளவென்று தேய்ந்து கிடந்தது. அன்று முதல் இந்த விஷயம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவேதான் இதை எழுதலாயினோம்.

கடலோடிகளைப் போலச் சகுனம் பார்க்கும் கூட்டம் உலகில் வேறு இல்லை எனலாம். நம் பினாங்கில் வெல்ட் கீ கரையோரம் மரத்தூண்களின் மேல் வீடு கட்டி வாழும் சீனர்களை நாம் அறிவோம். தென்சீனக் கரையிலிருந்து வந்த அவர்களுடைய முன்னோர்கள் மாஜூ என்னும் கடல் தெய்வத்தை வணங்கியே பயணம் புறப்படுவர். படகின் முகப்பில் இரண்டு கண் எழுதுவர். படகு வழி பார்த்துப் போக வேண்டுமல்லவா! சாப்பாட்டில் ஒரு பக்கம் தின்ற மீனைப் புரட்டிப் போடமாட்டார்கள். புரட்டினால் படகு கவிழும் என்று பயம். மலாய் மீனவர்களில் பழைய தலைமுறையினர் நடுக்கடலில் புலி, பாம்பு முதலிய தரை ஜீவன்களின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். கிளந்தான் கரையில் 'பூஜா பந்தாய்' என்று கடலுக்குப் படையல் போடும் சடங்கு நடந்துவந்து, பிற்பாடு மார்க்க அதிகாரிகளால் தடுக்கப்பட்டது.

வெள்ளைக்காரர்கள் விஞ்ஞானம் படித்தவர்களாயிற்றே, அவர்களிடம் இதெல்லாம் இராது என்று எண்ணிவிட வேண்டாம். கப்பலில் சீட்டியடித்தால் புயல் வரும் என்பது அவர்களுடைய மாலுமிகளின் நம்பிக்கை. வெள்ளிக்கிழமையன்று நங்கூரம் எடுக்க அஞ்சுவார்கள். நமக்கோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவுடைய நாள், நாட்களிற் சிறந்த நாள். ஒரே நாள், ஒரே கடல், ஒரே காற்று. ஒருவனுக்கு அது பீடை, இன்னொருவனுக்கு பரக்கத்! அப்படியானால் பீடை நாளில் இருக்கிறதா, நாளைப் பார்க்கிறவனுடைய நெஞ்சில் இருக்கிறதா?

1962-ம் ஆண்டில் லண்டன் நகரில் தேம்ஸ் நதியின் அடிச்சேற்றில், பிளாக்பிரையர்ஸ் என்னுமிடத்தில், ரோமர் காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்று அகப்பட்டது. பாய்மரத்தின் அடியை நாட்டும் குழியில் ஒரு காசு கிடந்தது. டொமிஷியன் சக்கரவர்த்தியின் காசு அது. அதன் ஒரு புறத்தில் அதிர்ஷ்ட தேவதை சுக்கானைப் பிடித்து நிற்கிறாள். கப்பல் கட்டியவன் எத்தனை ஆசையோடு அந்தக் காசைத் தேடி வைத்திருப்பான்! காசு வைத்த இடத்திலேயே பத்திரமாய் இருந்தது. கப்பல்தான், ஏற்றிய கட்டடக் கல்லோடு, நதியின் அடியில் இருந்தது. இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் பெயர்பெற்ற கடற்படைத் தலைவர் நெல்சன் தம்முடைய 'விக்டரி' கப்பலின் பாய்மரத்தில் குதிரை லாடம் அடித்து வைத்திருந்தார் என்று சொல்வதுண்டு. 1805-ல் டிராஃபல்கர் சண்டையில் அவர் ஜெயித்தார். அதே கப்பலின் மேல்தட்டில் குண்டுபட்டு அன்றைக்கே மாண்டும் போனார். லாடம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை வியாபாரிகளாகிய நாமே ஐந்தொகை போட்டுப் பார்க்கலாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஸபர் மாதத்தின் கடைசிப் புதனை 'ஒடுக்கத்துப் புதன்' என்று சொல்லி, அன்றைக்குப் பயணமும் புதுக்கணக்கும் வேண்டாம் என்று தள்ளிவைத்த பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாயகம் (ஸல்) அவர்களோ ஸபரில் பீடை என்பதும், பறவை பறக்கும் திசையைக் கொண்டு குறி பார்ப்பதும், ஆந்தையை அபசகுனமாய் எண்ணுவதும் இல்லையென்றே அறிவித்துவிட்டார்கள். ஆனால் நல்ல வார்த்தையைக் கேட்டு மனம் மகிழ்ந்து நம்பிக்கை கொள்வதை அவர்கள் விரும்பினார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் சரியாய் விளங்கிக்கொள்வதில்லை. நல்ல சொல் மனிதனை முன்னே நடக்கச் செய்கிறது; துர்ச்சகுனம் கதவைச் சாத்தி உட்கார வைக்கிறது.

அதனினும் பெரிய சம்பவம் ஒன்றுண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் மரித்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று ஜனங்கள் பேசத் தலைப்பட்டார்கள். அது அவர்களுக்குப் பெருமை தரக்கூடிய பேச்சு. சும்மா இருந்திருந்தாலே போதும், ஊர் முழுவதும் நம்பியிருக்கும். அவர்கள் சும்மா இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லையென்று, புத்திரசோகம் நெஞ்சை அடைத்திருந்த அந்த நேரத்திலேயே தெளிவுபடுத்தினார்கள்.

"அப்படியானால் நாகூரைப் பற்றி என்ன சொல்லுகிறீர்?" என்று சகோதரர்கள் கேட்கலாம். 1926-ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து ஏறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மிடையே அநேகர். கப்பலேறுமுன் நாகூருக்குப் போய் பாத்திஹா ஓதி வருவது நம் மக்களின் வழக்கம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் நம் முன்னோர்கள் எழுப்பிய தர்காவும், சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் உள்ளதும் அந்தப் பாசத்துக்குச் சாட்சி. வலிமார்களின் கண்ணியத்தைப் பற்றிய வழக்கை இந்தப் பக்கத்தில் தீர்க்க நாம் வரவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஜனங்கள் சொல்லும் கதையொன்றை மாத்திரம் ஞாபகப்படுத்துகிறோம். ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் முகம் மழித்துக்கொண்டிருக்கையில், நடுக்கடலில் கப்பலொன்று ஓட்டை விழுந்து தத்தளித்ததாம். கையிலிருந்த கண்ணாடியை வீசி அந்த ஓட்டையை அடைத்தார்களாம். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். அந்தக் கதையிலும்கூட அடைபட்டது ஓட்டை என்பதைக் கவனியுங்கள். பலகை பிளந்து கிடக்கக் கயிறு கட்டி ஆறுதலடையச் சொல்லவில்லை.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் கடல் பொங்கி நாகப்பட்டினக் கரையை வாரிக்கொண்டு போனதும், நம் பினாங்குத் தீவிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதும் மறக்கக்கூடியதல்ல. படையல் போட்டவர் படகும் போயிற்று, போடாதவர் படகும் போயிற்று. அந்த நாட்களில் நாகூர் தர்காவினர் எல்லா மதத்தாருக்கும் தங்க இடம் கொடுத்தார்கள். இன்னார் இனியார் என்று தெரியாத மையித்துகளை அடக்க நிலமும் கொடுத்தார்கள். கடலோடிகளின் ஆண்டகை என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமான காரியத்தை நாம் கேள்விப்படவில்லை.

சரி, பயம் ஏன் வருகிறது? நியூகினிக்கு அருகிலுள்ள தீவுகளில் முதல் உலக யுத்த காலத்தில் தங்கியிருந்த மாலினோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தைக் கண்டு எழுதினார். கரைக்குள் அடங்கிய அமைதியான நீரில் மீன் பிடிக்கும்போது அந்த மக்கள் மந்திரம் ஏதும் செய்வதில்லை. அபாயமான திறந்த கடலுக்குப் போகும்போது மாத்திரமே செய்கிறார்கள். கைக்கு எட்டாத இடத்தில்தான் மனிதன் சகுனத்தைப் பிடித்துக்கொள்கிறான். ஆகவே சிவப்புத் துணி கட்டிய மீனவனைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு அழகல்ல. அவன் பெண்டு பிள்ளைகளை விட்டு, கையகலப் பலகையின் மேல் போகிறான். நாம் கல்லாவுக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். நடுங்குகிற மனிதனுக்கு நம் மார்க்கம் வேறொரு பிடியைக் கொடுத்திருக்கிறது. நூஹு நபி (அலை) அவர்கள் கப்பல் ஓடுவதும் நிற்பதும் அல்லாஹ்வின் திருநாமத்தாலேயே என்று சொல்லி ஏறச் சொன்னதாக ஹூது சூராவில் வருகிறது. ஆனால் அதற்குமுன் அந்தக் கப்பலைத் தம் கையாலேயே, கேலி செய்தவர்களுக்கு மத்தியில், ஒவ்வொரு பலகையாய்க் கட்டி முடித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் இதே பாடம்தான்.

துணி கட்டுவதாலும் காசு வைப்பதாலும் வேறு எவருக்கும் காயமில்லை. வைக்கிறவனுடைய ஈமானுக்கு வரும் கேடு அவனுக்கும் அவன் ரப்புக்கும் உள்ள கணக்கு. ஆனால் நன்மைக்கு ஒரு பொருள் காரணம் என்று நம்பத் தொடங்கியவன் அதோடு நிற்பதில்லை. தீமைக்கு ஒரு ஆளைத் தேடுகிறான். நம் மனத்தை உறுத்துவது அதுவே. கப்பலில் பெண் ஏறினால் ஆகாது என்றார்கள். காற்று அடங்கிவிட்டால் எவனுடைய முகராசி என்று பார்த்தார்கள். ஆங்கில மாலுமிகள் அப்படிப்பட்ட பீடைக்காரனுக்கு 'ஜோனா' என்றே பெயர் வைத்தார்கள். யார் அந்த ஜோனா? நம்முடைய யூனுஸ் நபி (அலை)! சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் அவர்கள் பெயர் வந்ததும், கடலில் விழுந்ததும், மீன் விழுங்கியதும் எல்லோரும் அறிந்தது. அந்த இருட்டுக்குள் அவர்கள் கப்பலைக் குறை சொன்னார்களா, நாளைக் குறை சொன்னார்களா? தாமே தமக்குத் தீங்கிழைத்துக்கொண்டதாகத்தான் அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அந்த துஆவை நாம் கஷ்டம் வரும்போதெல்லாம் ஓதுகிறோம்.

யாசீன் சூராவை வெள்ளிக்கிழமை தோறும் ஓதுகிற நம்மில் எத்தனை பேர் அதன் பொருளைக் கவனித்திருக்கிறோம்? ஓர் ஊரார் தங்களிடம் வந்த தூதர்களைப் பார்த்து, உங்களால் எங்களுக்குத் துர்ச்சகுனம் என்றார்கள். உங்கள் துர்ச்சகுனம் உங்களோடேயே இருக்கிறது என்று தூதர்கள் மறுமொழி சொன்னார்கள். இதற்கு உலக நடப்பிலிருந்தே சாட்சி உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் உளுத்துப்போன கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, இன்ஷூரன்ஸும் எடுத்துவிட்டுக் கடலுக்கு அனுப்பும் முதலாளிகள் இருந்தார்கள். அவற்றுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர். மாலுமிகள் செத்தபோது விதி என்றார்கள், கடல் என்றார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் ஓயாமல் போராடியதன் பேரில் 1876-ல் சட்டம் வந்தது. இந்தக் கோட்டுக்கு மேல் கப்பல் முங்கலாகாது என்று பக்கத்தில் குறியிட வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் இன்றும் அந்தக் குறியைப் பார்க்கலாம். பீடை எங்கே இருந்ததென்று அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது: முதலாளியின் பேராசையில்.

இப்போது நம் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை முதல் போணி ரொக்கமாய் இருக்க வேண்டும், கைராசிக்காரர் கையால் ஆக வேண்டும் என்பது நம் வியாபாரிகளுக்குள் எழுதாத சட்டம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், கடை திறந்து தண்ணீர் தெளித்த நேரத்தில், பக்கத்துக் குடியிருப்பிலுள்ள ஓர் அம்மையார் வந்தார். கணவனை இழந்தவர். "தம்பி, அரைக் கிலோ பருப்பு கொடுங்கள், சாயந்திரம் காசு தருகிறேன்" என்றார். நாம் தலையை நிமிர்த்தாமலே, "இன்னும் போணியாகவில்லை அக்கா, பிறகு வாருங்கள்" என்றோம். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நமக்கு இலகுவாயிருக்கும். "சரி தம்பி, நான்தான் நேரம் பார்க்காமல் வந்துவிட்டேன்" என்று சொல்லி, எதிர்ப்புறத்து மரத்தடியில் போய் நின்றார். ஒரு சீனச் சிறுவன் ரொட்டி வாங்கிப் போகும் வரை நின்று, அதன் பிறகே சாலையைக் கடந்து வந்தார்.

அன்று வியாபாரம் நன்றாகவே நடந்தது. அதுதான் நம்மை வதைத்தது. அவரைத் தள்ளி நிறுத்தியதால் கிடைத்த லாபமென்று மனத்தின் ஒரு மூலை சொல்லிற்று. அந்த மூலையைக் கண்டு நாமே வெட்கினோம். அவர் சாயந்திரம் சொன்னபடி காசு கொண்டுவந்து கொடுத்தார். நமக்குக் கடனாளியாய் நின்று இன்னும் தீர்க்காதவர்கள், கைராசிக்காரர்கள் என்று நாம் நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்களில் இரண்டு மூன்று பேர் உண்டு.

வாடிக்கைக்காரர் சிரித்துவிட்டுப் போன அந்த வாரத்தில் லாடத்தைக் கழற்றுவதென்று சுத்தியலை எடுத்தோம். எடுத்த கை உடனே இறங்கவில்லை. நாளைக்கு வியாபாரம் குறைந்தால் என்ன செய்வது என்றொரு பயம் வந்தது. நாற்பது வயது கடந்து, மத்ரஸாவில் ஓதி, ஐந்து வேளை அல்லாஹ் ஒருவனென்று சாட்சி சொல்லும் நமக்கு, ஓர் இரும்புத் துண்டின் மேல் இவ்வளவு பயம்! பிஸ்மி சொல்லிக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம்.

இப்போது போணி பார்ப்பதில்லை. முதலில் வருகிறவருக்கு முதலில் சாமான் என்று பையனிடமும் சொல்லிவைத்திருக்கிறோம். ஆனால் அந்த அம்மையார் இன்றைக்கும் காலையில் வந்தால் மரத்தடியில் நின்று, யாராவது கடைக்குள் போய் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார். "வாருங்கள் அக்கா, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று நாம் வாசலில் நின்று கூப்பிட்டும் பார்த்துவிட்டோம். "இருக்கட்டும் தம்பி, உங்கள் வியாபாரம் நடக்கட்டும்" என்று கையை அசைத்துவிட்டு அங்கேயே நிற்கிறார்.