உடன்பாடும் எதிர்மறையும்: அயல்மொழி இரவுக் கூடங்களில் இசைவு

டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியிலுள்ள கபுகிச்சோ, மதுக்கூடங்களும் கேளிக்கை விடுதிகளும் செறிந்த இரவுக் களம். அங்கு அயல்நாட்டுப் பயணி ஒருவர், உடனமர்ந்த பெண்ணைத் தம்முடன் வெளியே வருமாறு சைகையால் அழைப்பதாகக் கொள்ளலாம். விடையாக வரும் 'கெக்கோ தெசு' என்னும் தொடர் 'நன்று' எனவும் 'வேண்டா' எனவும் பொருள்படும். 'சிறிது' எனப் பொருள்படும் 'சொத்தோ' என்று தொடங்கி முடிக்காது விடுவதும் அங்கு மறுப்பே.

சொற்பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. குறிப்பை உணர இடமும் வழக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்; பயணிக்கு இரண்டும் இல்லை. கைப்பேசி மொழிபெயர்ப்புச் சொல்லைத் தரும், தயக்கத்தைத் தராது.

எனின், மொழியறியாமை அவரைப் பொறுப்பினின்று விடுவிக்குமா? தாம் அம்மொழி அறியாதவர் என்பதை அவர் நன்கறிவார். அந்நிலையில், இருபொருட் சொல்லில் தமக்கு உவப்பான பொருளையே கொள்வது அறியாமை ஆகாது; அது தேர்வு. வாடிக்கையாளர் முகங்கோணாமல் மறுப்பது அப்பெண்ணின் பணியில் அடங்கியது என்பதையும் (சிரிப்பும் அப்பணியின் கூறே) மறத்தலாகாது. தெளிவாக மறுத்திருக்கலாமே என்பாரும் உளர். வேலையை இழக்கும் அச்சம் அவர்களுக்கு இல்லை.

2023 சூலையில் ஜப்பானில் நடைமுறைக்கு வந்த குற்றவியற் சட்டத் திருத்தம், இசைவின்மையை வெளிப்படுத்த இயலாத நிலைக்குக் காரணமாகும் எட்டுச் சூழல்களைச் சுட்டுகிறது. மது மயக்கமும், பொருளாதார அல்லது சமூகத் தகுதியால் நேரும் அச்சமும் அவற்றுள் அடங்கும். பொதுமொழியின்மை அவ்வெட்டனுள் தனியே இடம்பெறவில்லை.