இருமல் மறைத்த எழுத்து

காதுக்கு இமை கிடையாது. இதை வைத்தே, பார்வையில் தேர்வு உண்டு, கேள்வியில் இல்லை. வெளியிலிருந்து வருவதைக் காது அப்படியே வாங்கிக்கொள்கிறது என்று நம்பிவந்திருக்கிறோம். 'என் காதால் கேட்டேன்' என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சாட்சியத்துக்குக் கிடைக்கும் பலம் இந்த நம்பிக்கையிலிருந்து வருவது.

செவிப்புலன் பற்றிய ஆராய்ச்சி இதற்கு இடம் தருவதில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1990ல் வெளியிட்ட நூலில் ஒரு விளையாட்டைக் கற்பனை செய்கிறார். ஏரிக்கரையில் குறுகலாக இரண்டு வாய்க்கால்கள் வெட்டி, ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிடுகிறோம். நீர் அலைய, துணிகள் அசையும். அந்த அசைவை மட்டும் பார்த்து, ஏரியில் எத்தனை படகுகள், எது அருகில் இருப்பது, காற்று அடிக்கிறதா என்றெல்லாம் சொல்ல வேண்டும். நம் இரண்டு செவிப்பறைகளுக்கும் விதிக்கப்பட்டிருக்கும் காரியம் இதுதான். பேச்சும் மழையும் லாரியும் ஒரே அழுத்த அலையாகக் கலந்தே வந்து சேர்கின்றன. எது எவருடையது என்ற விலாசம் அலையில் இல்லை. எனவே செவி சில ஊகங்களை நம்பிப் பிரிக்கிறது: ஒரே கணத்தில் தொடங்குபவை ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கும், ஒரே அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக அமைபவை ஒரே குரலைச் சேர்ந்திருக்கும், ஒலித்துக்கொண்டிருந்த ஒன்றின்மேல் திடீரென்று வேறொன்று வந்து விழுந்தால், பழையது அதன் மறைவில் தொடர்ந்துகொண்டிருக்கும்.

பெரும்பாலும் இந்த ஊகங்கள் சரியாகவே இருக்கின்றன. சந்தடிமிக்க தெருவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது இவற்றின் தயவில்தான். ஆனால் கடைசி ஊகத்துக்கு ஒரு விலை உண்டு. 1970ல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவுசெய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் முதல் 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் வாக்கியத்தில் எதுவும் குறையவில்லை என்றார்கள். மிஞ்சியவரும் விடுபட்ட ஒலி எதுவென்று தவறாகவே சொன்னார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. ஓர் ஒலி இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி கேட்டபோதும், இல்லாதது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெட்டிய இடத்தை வெறும் மௌனமாக விட்டால் மட்டும், கேட்பவர்கள் இடைவெளியை எளிதில் கண்டுகொள்கிறார்கள்.

'காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்கிற பழமொழி, கேட்பது முதலில், விசாரணை பிறகு என்று வைத்துக்கொள்கிறது. இங்கேயோ கேட்கும்போதே விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. நம் பிரக்ஞைக்கு வந்து சேர்வது தீர்ப்பு மட்டும். அந்த 19 பேர் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய நேர்மையில் குறை காண முடியாது. நேர்மை உண்மைக்குப் போதாது என்பதே சங்கடம். மற்றவர் பேசியதாக நாம் சத்தியம் செய்யும் சொல்லில் ஒரு பகுதி நாமே பேசியதாக இருக்கலாம். எந்தப் பகுதி என்று உள்ளிருந்து பிரித்துக்காட்ட வழியில்லை.

அச்சுப் பக்கத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூனில், 28ஆம் தேதி, இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்க இடத்தை வெற்றாக விட்டது. பத்திரிகையைப் பிரித்தவருக்கு அங்கே ஒன்று பறிக்கப்பட்டிருப்பது விளங்காமல் இருந்திருக்க முடியாது. பின்னர் தணிக்கையாளர்கள் வெற்றிடம் விடுவதையே தடுத்தார்கள். மௌனம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடத்தை எதையாவது கொண்டு அடைத்துவிட்டால் போதும். மீதியைப் படிப்பவனே நிரப்பிக்கொள்வான், எதுவும் குறையவில்லை என்று சாட்சியும் சொல்வான்.

காதின் தீர்ப்பை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. ஆகவே அதற்கு நாம் பொறுப்பாளியும் இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போது பொறுப்பு தொடங்குகிறது. 'அவர் இப்படிச் சொன்னார்' என்பதற்கு முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: அவர் பேசும்போது யார் இருமிக்கொண்டிருந்தார்கள்?